பிரெஞ்சில் பிடித்ததும் பிடிக்காததும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சு வகுப்பில் முதல் மாதம் முடிவதற்குள் எல்லோரும் ஒரே மாதிரியான சந்தேகங்களோடு வந்து நிற்கிறார்கள். பெரும்பாலானவை 'எனக்கு இது பிடிக்கும், அதைவிட இது பிடிக்கும், அது வேண்டாம்' என்று சொல்லும் இடத்தில்தான் எழுகின்றன. ஆங்கில வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் பிரெஞ்சு போட்டால் இந்த இடத்தில் கட்டாயம் இடறும். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

பிரெஞ்சு வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். மூக்கொலிகளும் 'ஜெ'யில் உள்ள மென்மையான ஒலியும் நம் எழுத்தில் முழுமையாக வராது. பாடப்புத்தகத்தையும் ஒலிப்பதிவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

காபி பிடிக்கும் என்பதற்கு 'ஜெம் கஃபே' என்றால் போதாதா? நடுவில் 'லெ' எதற்கு?

போதாது. 'ஜெம் லெ கஃபே' என்றுதான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் பொதுவாகக் காபி என்னும்போது ஆர்ட்டிகிள் ('தி' போன்ற முன்சொல்) போடுவதில்லை. போட்டால் குறிப்பிட்ட ஒரு காபி என்று ஆகிவிடும். பிரெஞ்சில் பெயர்ச்சொல் இப்படி வெறுமனே நிற்பது அரிது. ஒரு பொருளை ஒட்டுமொத்தமாகப் பிடிக்கும், பிடிக்காது, வெறுக்கிறேன் என்னும்போது 'லெ', 'லா', 'லே' இவற்றில் ஒன்று வந்தே தீரும். காபிக்கு 'லெ', இசைக்கு 'லா ம்யூஸிக்', ஆப்பிள்களுக்கு 'லே பொம்'.

ஒருமையா பன்மையா என்பதில் கவனமாக இருங்கள். 'ஜெம் லே லபான்' என்றால் முயல்கள் என்றால் உங்களுக்குப் பிரியம். 'ஜெம் லெ லபான்' என்றால் முயல்கறி பிடிக்கும் என்றுதான் கேட்பவர் புரிந்துகொள்வார். முயல் வளர்க்கும் வீட்டில் இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். எண்ணக்கூடியவை பன்மையிலும், உணவாகவோ மொத்தப் பொருளாகவோ கருதப்படுபவை ஒருமையிலும் வரும்.

எதிர்மறையில் ஆர்ட்டிகிள் 'தெ' ஆகிவிடும் என்று படித்தேன். அப்படியென்றால் 'ஜெ நெம் பா தெ கஃபே' தானே சரி?

இல்லை, 'ஜெ நெம் பா லெ கஃபே' என்பதே சரி. நீங்கள் படித்த விதி 'அன்', 'யூன்', 'த்யூ' போன்ற ஆர்ட்டிகிள்களுக்கு உரியது. 'காபி குடிப்பதில்லை' என்னும்போது 'ஜெ நெ புவா பா தெ கஃபே' என்று அது மாறும். 'லெ', 'லா', 'லே' மூன்றும் எதிர்மறையில் அசையாது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பேச்சு காபி என்ற மொத்தப் பொருளைப் பற்றியதுதானே?

பிறகு 'த்யூ கஃபே' எங்கே வரும்?

குடிக்கும்போது, வாங்கும்போது, கேட்கும்போது வரும். குடிப்பது உலகத்துக் காபியை எல்லாம் அல்ல, கொஞ்சம் காபியை. அந்தக் 'கொஞ்சம்' தான் 'த்யூ'. கடையில் ஒரு கோப்பை கேட்கும்போது 'அன் கஃபே' என்றாலே போதும். பிரான்சில் அப்படிக் கேட்டால் சிறிய கோப்பையில் பால் இல்லாத எஸ்ப்ரெசோதான் வரும். பால் வேண்டியவர்கள் அதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

'ஏமே' ('ஜெம்' என்பதன் மூல வடிவம்) என்றால் காதலிப்பது என்கிறார்களே. தோழியிடம் 'உன்னை எனக்குப் பிடிக்கும்' என்று எப்படிச் சொல்வது?

'ஜெ தெம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது காதலர்களுக்கும் குடும்பத்துக்கும் உரியது. தோழியிடம் 'ஜெ தெம் பியான்' என்று சொல்லுங்கள். 'பியான்' என்றால் 'நன்றாக' என்று பொருள். ஆங்கிலக் கணக்குப்படி அதைச் சேர்த்தால் அழுத்தம் கூட வேண்டும், ஆனால் இங்கே குறைகிறது. 'நன்றாகப் பிடிக்கும்' என்று சொல்ல நினைத்து, 'நல்ல நண்பர், அவ்வளவுதான்' என்று சொல்லி முடித்திருப்பீர்கள். 'போக்கூ' சேர்த்து 'ஜெ தெம் போக்கூ' என்றாலும் கதை அதேதான். 'மிகவும்' என்று பொருள் தரும் அந்தச் சொல்லும், ஒருவரை நோக்கிப் பேசும்போது காதலை நட்பாக்கிவிடும். எதையும் சேர்க்காத மொட்டை 'ஜெ தெம்' தான் எல்லாவற்றிலும் கனமானது.

பொருள்களின் விஷயத்தில் இந்தச் சிக்கல் குறைவு. 'ஜெம் பியான் லெ தே' என்றால் தேநீர் பிடிக்கும், பெரிய மோகம் இல்லை. 'ஜெம் போக்கூ லெ தே' என்றால் உண்மையிலேயே மிகவும் பிடிக்கும்.

பிடிப்பதின் அளவை வரிசையாகச் சொல்ல முடியுமா?

மேலிருந்து கீழே: 'ஜதோர்' (உயிர்), 'ஜெம் போக்கூ', 'ஜெம்', 'ஜெம் பியான்', 'ஜெ நெம் பா த்ரோ' (அவ்வளவாகப் பிடிக்காது), 'ஜெ நெம் பா', 'ஜெ நெம் பா த்யூ தூ' (கொஞ்சமும் பிடிக்காது), 'ஜெ தேத்தெஸ்த்' (வெறுக்கிறேன்). 'ஜதோர்' என்ற சொல்லைப் பிரெஞ்சுக்காரர்கள் சாக்லேட்டுக்கும் செருப்புக்கும் தாராளமாகச் செலவிடுவார்கள். நீங்களும் கூச்சப்பட வேண்டாம்.

விருந்துக்கு அழைத்தவர் சமைத்ததைப் பற்றி என்றால் 'ஜெ நெம் பா த்ரோ' வுக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது.

படிப்பது, நடப்பது போன்ற செயல்கள் பிடிக்கும் என்றால்?

வினைச்சொல்லின் மூல வடிவத்தை அப்படியே பின்னால் போடுங்கள்: 'ஜெம் லீர்' (படிக்கப் பிடிக்கும்), 'ஜெம் மார்ஷே' (நடக்கப் பிடிக்கும்). ஆங்கிலத்தில் 'இங்' போட்டும் சொல்லலாம், 'டு' போட்டும் சொல்லலாம் என்பதால் பலர் இங்கேயும் நடுவில் எதையாவது செருகப் பார்க்கிறார்கள். இன்றைய பேச்சில் எதுவும் தேவையில்லை.

டெல்ஃப் ஏ1 என்ற தொடக்கநிலைப் பிரெஞ்சுத் தேர்வில் வாய்மொழிப் பகுதி மொத்தமே ஐந்து முதல் ஏழு நிமிடம். அதன் முதல் பகுதியில் தேர்வாளர் உங்களைப் பற்றியும் உங்கள் விருப்பங்களைப் பற்றியும் கேட்பார். 'ஜெம் லீர்' என்று நிறுத்திவிடாமல் 'பார்ஸ் கெ' (ஏனென்றால்) போட்டு ஒரு காரணமும் சொல்லிப் பழகுங்கள். எளிய காரணமே போதும்.

காபியைவிடத் தேநீர் பிடிக்கும் என்பதற்கு 'விட' என்ற இடத்தில் 'கெ' போடலாமா?

'ப்ரேஃபேரே' என்ற வினையோடு போடக் கூடாது. 'ஜெ ப்ரேஃபெர் லெ தே ஓ கஃபே' என்பதுதான் சரி. பிடித்தது முதலில், பிடிக்காதது 'அ' வுக்குப் பின்னால். 'அ' வும் 'லெ' வும் சேர்ந்தால் 'ஓ'. 'அ' வும் 'லே' வும் சேர்ந்தாலும் ஒலிப்பில் 'ஓ' தான், எழுத்து மட்டும் வேறு. 'லா' வோடு சேர்ந்தால் மாற்றம் இல்லை: 'ஜெ ப்ரேஃபெர் லா மெர் அ லா மோந்தாஞ்', அதாவது மலையைவிடக் கடல் பிடிக்கும். ஆங்கிலத்திலும் 'ப்ரிஃபர்' என்ற வினைக்குப் பின்னால் 'டு' தான் வர வேண்டும். அங்கேயே 'தேன்' போட்டுப் பழகியவர்கள் பிரெஞ்சில் 'கெ' போடுகிறார்கள்.

'ப்ரேஃபேரே' வை எழுதும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. 'ஜெ' (நான்), 'த்யூ' (நீ), 'இல்' (அவன்) இவற்றோடு வரும்போது இரண்டாவது 'இ' (e) எழுத்தின் மேல் உள்ள கோடு இடப்பக்கம் சாய்ந்திருக்கும். 'நூ' (நாம்), 'வூ' (நீங்கள்) இவற்றோடு வலப்பக்கம். எதிர்கால வடிவத்துக்குப் பழைய இலக்கணம் வலப்பக்கக் கோடு கேட்டது. 1990இல் வெளிவந்த எழுத்துச் சீர்திருத்தம் இடப்பக்கத்தையும் ஏற்றுக்கொண்டது. ஆகவே இரண்டு புத்தகங்களில் இரண்டு விதமாகப் பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம்.

'ஜெம் மியெ' என்றும் கேட்கிறேனே, அது என்ன?

அதே பொருள்தான்: 'அதிகம் பிடிக்கும்'. இதற்குத்தான் 'கெ' வரும்: 'ஜெம் மியெ லெ தே கெ லெ கஃபே'. முந்தைய பதிலில் விலக்கிய 'கெ' க்கு உரிய இடம் இதுவே. இரண்டையும் கலந்து 'ஜெ ப்ரேஃபெர் மியெ' என்று சொல்வது 'அதிகமாக அதிகம் பிடிக்கும்' என்பது போல. 'ப்ரேஃபேரே' வுக்குள்ளேயே ஒப்பீடு இருக்கிறது.

பேச்சில் இன்னொன்றும் உண்டு: 'முவா, ஜெ ஸ்வீ ப்ள்யூத்தோ தே'. 'நான் தேநீர்க் கட்சி' என்பது போன்ற தொனி. முதல் பதிலில் ஆர்ட்டிகிள் வந்தே தீரும் என்று சொன்னேன் அல்லவா? இங்கே வராது. நண்பர்களிடம் பேசலாம், தேர்வுத்தாளில் எழுத வேண்டாம்.

கடையில் 'ஜெ வெ' (எனக்கு வேண்டும்) என்று கேட்பது மரியாதைக் குறைவா?

குழந்தை கேட்பது போல இருக்கும். 'ஜெ வூத்ரே' என்று கேளுங்கள், கடைசியில் 'ஸில் வூ ப்ளெ' சேர்த்துக்கொள்ளுங்கள். அங்குள்ளவர்கள் 'ஜெ வே ப்ராந்த்ர்' (எடுத்துக்கொள்கிறேன்) என்றும் சொல்வார்கள். 'ஜெமெரே' என்பதும் பணிவானதுதான். ஆனால் அது கைக்குக் கிடைக்கும் பொருளைவிட ஆசைகளுக்கு நன்றாகப் பொருந்தும்: 'ஜெமெரே வுவார் லியோன்', அதாவது லியோன் நகரைப் பார்க்க ஆசை. 'ஜெமெரே பியான்' என்றால் நட்பைப் பற்றிய பதிலில் சொன்னது போல அழுத்தம் குறையாது. ஆசை இன்னும் இயல்பாக ஒலிக்கும், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், வினையின் வடிவத்தைவிட முக்கியமானது கடைக்குள் நுழைந்ததும் சொல்லும் 'போன்ஜூர்'. அதைச் சொல்லாமல் எத்தனை 'வூத்ரே' போட்டாலும் பிரான்சில் மரியாதை தெரியாதவர் என்றே நினைப்பார்கள்.

நான் சைவம். 'ஜெ நெம் பா லா வியாந்த்' என்று சொன்னால் புரியுமா?

புரியும், ஆனால் வேறு விதமாக. நீங்கள் சொன்னது 'இறைச்சி எனக்கு ருசிக்காது' என்பது. அது ருசி பற்றிய பேச்சு, ருசியைப் பற்றி யாரும் வாதாடலாம். 'எங்கள் வீட்டுக் கோழியை ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள்' என்று வீட்டுக்காரர் அன்போடு வற்புறுத்துவார். சாப்பிடுவதே இல்லை என்றால் வினையை மாற்றுங்கள்: 'ஜெ நெ மான்ஜ் பா தெ வியாந்த்'. இங்கே 'லா' போய் 'தெ' வந்துவிட்டதைக் கவனியுங்கள். இரண்டாவது பதிலில் சொன்ன விதி.

இத்தோடு விட்டால் தட்டில் மீன் வரக்கூடும். 'வியாந்த்' என்பது இறைச்சியைத்தான் குறிக்கிறது, மீன் அதில் சேராது. ஆகவே 'ஜெ நெ மான்ஜ் நி வியாந்த் நி புவாஸோன்' (இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை) என்று சொல்லுங்கள். 'நி... நி' வந்தால் 'தெ' வும் உதிர்ந்துவிடும். சூப் வந்தால் அது எந்தச் சாற்றில் கொதித்தது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். காய்கறிச் சூப்பையும் கோழிச்சாற்றில் செய்வது உண்டு. ஆண் என்றால் 'ஜெ ஸ்வீ வெஜெத்தாரியான்', பெண் என்றால் 'வெஜெத்தாரியென்'.

'சீஸ் பிடிக்குமா?' என்று கேட்டார்கள். 'வீ, ஜெ லெம்' என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்களே, ஏன்?

சீஸை ஒரு ஆளாக்கி, 'ஆம், அவரை நேசிக்கிறேன்' என்று சொன்னது போல அவர்கள் காதில் விழுந்திருக்கும். ஆங்கிலத்தில் 'இட்' போடும் இடம் என்று 'லெ' போட்டிருக்கிறீர்கள். பொதுவான பொருளைப் பற்றியென்றால் 'வீ, ஜெம் ஸ' என்று 'ஸ' போடுங்கள். 'வீ, ஜதோர்' என்று எதுவும் போடாமல் நிறுத்திவிட்டாலும் இயல்பாக இருக்கும். குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும்போது 'ஜெ லெம்' சரி: உங்கள் பழைய சைக்கிள், பக்கத்து வீட்டு நாய், ஒரு நகரம்.

'ஸ மெ ப்ளெ' என்றும் சொல்கிறார்கள். இதில் 'நான்' எங்கே போனது?

'எனக்கு' என்று மாறி நடுவில் உட்கார்ந்திருக்கிறது. வகுப்பில் இந்த இடம் வந்தால் எனக்கு உற்சாகம், ஏனென்றால் ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டுத் தமிழை எடுத்தால் வேலை முடிந்தது. 'ஸெ ஃபில்ம் மெ ப்ளெ': இந்தப் படம் - எனக்கு - பிடிக்கிறது. ஒரு சொல்கூட இடம் மாற வேண்டியதில்லை. ஆங்கிலம் 'நான்' என்று தொடங்கி, படத்தைச் செயப்படுபொருளாக்குகிறது. தமிழிலும் பிரெஞ்சிலும் எழுவாய் படம்தான். பெயர் சொல்ல வேண்டியிருந்தால் 'அ' என்பது நம் நான்காம் வேற்றுமை உருபான 'கு' வின் வேலையைச் செய்கிறது: 'லெ ஃபில்ம் அ ப்ள்யூ அ மா மெர்', படம் அம்மாவுக்குப் பிடித்திருந்தது. முதல் 'அ' துணைவினை, இரண்டாவதுதான் நம் 'கு'.

வினை படத்தைப் பின்பற்றும். படங்கள் பல என்றால் 'ஸே ஃபில்ம் மெ ப்ளெஸ்'. 'ஏமே' பொதுவான விருப்பத்துக்கு அதிகம் பயன்படுகிறது. ஒன்றைப் பார்த்ததும் அனுபவித்ததும் ஏற்படும் பிடிப்புக்கு இது மிகப் பொருத்தம். நகரம் எப்படி என்றால் 'ஸ மெ ப்ளெ', திரும்பி வந்த பிறகு 'ஸ மா ப்ள்யூ'. எச்சரிக்கை ஒன்று: ஆளை நோக்கி 'த்யூ மெ ப்ளெ' என்றால் ஈர்ப்பு என்றுதான் பொருள். நட்புக்கு 'ஜெ தெம் பியான்' தான்.

ஒருவர் 'எனக்குப் பிடிக்காது' என்றால், 'எனக்கும்தான்' என்பதற்கு 'முவா ஓஸி' சொல்லலாமா?

சொல்லக் கூடாது. அவர் பிடிக்கும் என்றால்தான் 'முவா ஓஸி'. அவர் பிடிக்காது என்று சொல்லி நீங்களும் ஒத்துப்போனால் 'முவா நோன் ப்ள்யூ'. அவர் பிடிக்கும் என்றார், உங்களுக்குப் பிடிக்காது என்றால் 'பா முவா'. அவர் பிடிக்காது என்றார், உங்களுக்குப் பிடிக்கும் என்றால் 'முவா ஸி'. இந்த 'ஸி' எதிர்மறையை மறுப்பதற்கென்றே இருக்கும் 'ஆம்'. 'உனக்குச் சீஸ் பிடிக்காதா?' என்று கேட்டாலும் 'வீ' என்று சொல்லாதீர்கள்; 'ஸி, ஜதோர்' என்று சொல்லுங்கள்.

என் கட்டுரையைப் படித்துவிட்டு ஆசிரியர் 'பா மல்' என்றார். மோசமில்லை என்றுதானே? வருத்தமாக இருக்கிறது.

வருத்தப்படாதீர்கள், பாராட்டுதான். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'மோசமில்லை' என்று வரும். தொனியில் 'நன்றாகவே இருக்கிறது' என்பதற்குப் பக்கம். பிரெஞ்சுக்காரர்கள் எதிர்மறை வழியாகப் பாராட்டுவதில் சளைக்காதவர்கள்.

வருத்தப்பட வேண்டியது 'பா தெரீப்ள்' என்றால்தான். 'பயங்கரமில்லை' என்று மொழிபெயர்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். 'சுமார்தான், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை' என்று பொருள்.

எதுவானாலும் சரி என்று எப்படிச் சொல்வது?

'ஸ மெத்தேகல்' என்றால் 'எனக்கு எல்லாம் ஒன்றுதான்'. இதிலும் அந்த 'எனக்கு' இருக்கிறது பாருங்கள். வேறு எதுவும் சேர்க்காமல் சொன்னால் சற்று அலட்சியமாக ஒலிக்கலாம், ஆகவே விருந்தினராக இருக்கும்போது 'கொம் வூ வூலே' (உங்கள் விருப்பம்) மேல். 'ஜெ மான் ஃபிஷ்' என்று திரைப்படங்களில் கேட்டிருப்பீர்கள். 'எனக்கென்ன போச்சு' என்ற தொனி அது. மாமியார் வீட்டில் வேண்டாம்.

மெட்ரோவில் போவதைவிட நடப்பது பிடிக்கும் என்றால், இரண்டு வினைகளுக்கு நடுவிலும் 'அ' தானா?

இலக்கணப்படி முடியும், ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. இரண்டு பக்கமும் வினை வந்தால் 'ப்ள்யூத்தோ கெ' போடுங்கள்: 'ஜெ ப்ரேஃபெர் மார்ஷே ப்ள்யூத்தோ கெ தெ ப்ராந்த்ர் லெ மெத்ரோ'. நடுவில் உள்ள 'தெ' யை விட்டாலும் குற்றமில்லை. எழுதும்போது 'ப்ள்யூத்தோ' ஒரே சொல். பிரித்து எழுதினால் 'இன்னும் சீக்கிரம்' என்று பொருள் மாறிவிடும். ஒலி இரண்டுக்கும் ஒன்றே.

'நீ நாளைக்கு வந்தால் எனக்கு நல்லது' என்று அடுத்தவர் செய்ய வேண்டியதைச் சொல்லும்போது?

இங்கேதான் சப்ஜங்க்டிவ் (விருப்பம் போன்றவற்றுக்கான தனி வினை வடிவம்) நுழைகிறது: 'ஜெ ப்ரேஃபெர் கெ த்யூ வியென் தெமான்'. சாதாரண 'வியான்' இங்கே 'வியென்' ஆகிறது. விரும்புபவரும் செய்பவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால் மட்டுமே இது. நீங்களே செய்வதென்றால் 'கெ' யே வேண்டாம், படிப்பது நடப்பது பற்றிய பதிலில் சொன்னது போல மூல வடிவம் போதும்: 'ஜெ ப்ரேஃபெர் ரெஸ்த்தே', இருந்துவிடவே விருப்பம். 'ஜெஸ்பெர் கெ' (நம்புகிறேன்) என்பதும் ஆசை போலத்தான் தெரியும், ஆனால் அதற்குச் சப்ஜங்க்டிவ் வராது. ஏன் என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் கேட்பார். நம்பிக்கையை நடக்கப்போகும் செய்தியாகப் பிரெஞ்சு கணக்கில் வைக்கிறது. விருப்பத்தை அப்படி வைப்பதில்லை.

பயப்படுகிறவர்களுக்கு ஓர் ஆறுதல். 'ரெஸ்த்தே' போன்ற முதல் வகை வினைகளில் 'ஜெ', 'த்யூ', 'இல்' எல்லாவற்றுக்கும் சப்ஜங்க்டிவும் சாதாரண வடிவமும் ஒரே ஒலிதான். 'ஜெ ப்ரேஃபெர் கெ த்யூ ரெஸ்த்' என்றால் யாருக்கும் வித்தியாசம் கேட்காது. 'நூ', 'வூ' வந்தால்தான் ஒலி மாறும்: 'வூ' வோடு 'ரெஸ்த்தே' என்பது 'ரெஸ்தியே' ஆகிறது.

கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்குக்குக் குடிபெயரப்போகிறேன். அங்கேயும் இதெல்லாம் செல்லுமா?

இலக்கணம் எல்லாம் அப்படியே செல்லும். மாறுவது பாராட்டும் சொற்கள். பிரான்சின் 'பா மல்' இடத்தில் அங்கே 'பா பீர்' கேட்பீர்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'இதைவிட மோசமில்லை' என்று வந்தாலும், 'நன்றாகவே இருக்கிறது' என்றுதான் பொருள். 'லெ ஃபன்' என்று ஆங்கிலச் சொல்லுக்கே ஆர்ட்டிகிள் போட்டு 'ஸே லெ ஃபன்' என்பார்கள், ஜாலியாக இருக்கிறது என்ற அர்த்தத்தில்.

நீங்கள் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு மான்ட்ரியல் நண்பர் 'எக்கெரான்' என்றால் தட்டை எடுத்துவிடாதீர்கள். பிரான்சில் அது குமட்டுகிறது என்று பொருள் தரும் சொல். கியூபெக் பேச்சில் 'பிரமாதம்' என்பதற்கும் அதையே சொல்கிறார்கள். அவர் இன்னொரு கரண்டி கேட்கிறாரா என்று பாருங்கள்.